ஆடிக்காற்று உங்கள் மாடலில் தெரிகிறதா? பைப்ஸாவில் தமிழ்நாட்டு மின்சாரத்தைத் திட்டமிட ஒரு வழிகாட்டி

பைப்ஸா என்ற இலவச மென்பொருளில், தமிழ்நாட்டின் மின்தேவையை மலிவாக ஈடுகட்டும் வழியைத் தேடும் ஒரு கணினி மாடல் கட்டியிருந்தேன். அந்த முதல் முழு வருட மாடல் ஓடி முடிந்த இரவு இன்னும் நினைவிருக்கிறது. திரையில் 'ஆப்டிமல்' என்று வந்தது. தமிழ்நாட்டுக்கு எவ்வளவு சோலார், எவ்வளவு காற்றாலை, எவ்வளவு பேட்டரி என்று எல்லாவற்றுக்கும் எண் கிடைத்துவிட்டது. பேட்டரி மட்டும் மலைபோல் வந்திருந்தது. மறுநாள் காலை ஜூலையில் ஒரு வாரத்தை எடுத்து வரைபடம் போட்டுப் பார்த்தேன். உச்சிவெயில் காலை ஏழு மணிக்கு அடித்துக்கொண்டிருந்தது. மதியம் ஒன்றேகாலுக்குச் சூரியன் மறைந்துவிட்டது.

வானிலைத் தரவு கிரீன்விச் நேரத்தில் இருந்தது, மின்தேவைத் தரவு நம் நேரத்தில் இருந்தது. இடையில் உள்ள ஐந்தரை மணி நேரத்தை நான் ஈடுகட்டவில்லை. மதியத்துக்கு மேல் வெயிலே அடிக்காத ஒரு நாட்டுக்கு எது மலிவு என்று சால்வர், அதாவது மலிவான விடையைத் தேடும் நிரல், கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தது. அந்த நாட்டுக்கு அது சரியான விடைதான். அன்றிலிருந்து நான் வேலையின் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் வெயிலையும் காற்றையும் வரைந்து பார்ப்பேன், பிறகுதான் சால்வரை ஓட்டுவேன். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது.

நான் உடுமலைப்பேட்டை பக்கம் ஒரு நூல் மில்லில் மின்பிரிவில் இருக்கிறேன். மில்லுக்குச் சொந்தமாகக் காத்தாடிகள், அதாவது காற்றாலைகள், உண்டு. ஒவ்வொன்றும் மாதம் எத்தனை யூனிட் கொடுத்தது என்று 20 வருடமாக ரிஜிஸ்டரில் எழுதிவருகிறோம். சில வருடங்களுக்கு முன் ஓர் ஆலோசனை நிறுவனம் எங்களுக்கு ஒரு திட்ட அறிக்கை கொடுத்தது. அதில் போட்டிருந்த காற்றளவுக்கும் எங்கள் ரிஜிஸ்டருக்கும் ஒட்டவே இல்லை. எப்படி வந்தது என்று கேட்டபோது, அது எங்கள் உள் மாடல், காட்ட முடியாது என்றார்கள். மில்லின் பணம், மில்லின் காத்தாடி, கணக்கு மட்டும் பூட்டிய பெட்டிக்குள். திறந்த மூலக் கருவிகளை நான் தேடிப்போனது அதனால்தான்.

எந்தக் கருவி?

ஆற்றல் திட்டமிடலுக்குத் திறந்த மூலக் கருவிகள் நிறைய உண்டு. ஸ்வீடனின் கேடிஎச் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வளர்ந்த ஓசிமோசிஸ் 2011-இல் வெளிவந்தது. 20, 30 வருடத்துக்கு ஒரு நாட்டின் நிலக்கரி, பெட்ரோல், சமையல் எரிவாயு, மின்சாரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க அது நல்லது. அமெரிக்காவின் எம்ஐடியும் பிரின்ஸ்டனும் சேர்ந்து உருவாக்கிய ஜென்எக்ஸ், ஜூலியா மொழியில் எழுதப்பட்டது, வேகமானது. கலியோப் என்று ஒன்று இருக்கிறது. அதில் நிரல் எழுதுவதைவிட அமைப்புக் கோப்பு எழுதுவதே அதிகம்.

நான் பயன்படுத்துவது பைப்ஸா. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் தொடங்கி, இப்போது பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பராமரிக்கப்படுகிறது. பைத்தான் மொழி, எம்ஐடி உரிமம், அதாவது யாரும் எடுத்து, மாற்றி, பகிர்ந்துகொள்ளலாம். இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரே காரணம்தான். வருடத்தின் 8,760 மணி நேரத்தையும் வரிசை குலையாமல் ஒவ்வொன்றாகப் பார்க்கும். தமிழ்நாட்டின் சிக்கலே நேரத்தில்தான் இருக்கிறது. காற்று மே முதல் செப்டம்பர் வரை கொட்டுகிறது, பிறகு படுத்துவிடுகிறது. வருடத்தை ஒரு டஜன் துண்டாக வெட்டி சராசரி போட்டால் அது மறைந்துபோகும்.

நிறுவுவது பெரிய வேலை இல்லை. பைத்தானில் தனியாக ஒரு சூழல் அமைத்து, பிப் கட்டளையில் பைப்ஸாவை இறக்கினால், ஹைஸ் என்ற சால்வரும் கூடவே வந்துவிடும். அது எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம். மாநிலம் முழுவதையும் ஒரே புள்ளியாக வைத்து ஒரு வருடம் ஓட்ட 8 ஜிபி நினைவகம் உள்ள சாதாரண லேப்டாப் போதும். விலை கொடுத்து வாங்கும் சால்வர் எதுவும் முதல் வருடத்தில் உங்களுக்குத் தேவைப்படாது.

முதலில் வெயிலும் காற்றும்

ஐரோப்பிய வானிலை மையம் தரும் ஈஆர்ஏ5 என்ற வானிலைத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. 1940-இலிருந்து ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உலகம் முழுவதற்கும் இருக்கிறது. அதைத் தரும் கோப்பர்நிகஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி, அவர்கள் தரும் சாவியை உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். பைப்ஸா குழுவின் ஆட்லைட் என்ற துணைக்கருவி, தரவை இறக்குவது முதல் அதை மெகாவாட்டாக மாற்றுவது வரை செய்யும். தமிழ்நாட்டுக்கு வடக்கு அட்சரேகை 8 முதல் 13.6 வரை, கிழக்குத் தீர்க்கரேகை 76 முதல் 80.5 வரை வெட்டிக்கொண்டால் போதும். இறக்க நேரம் பிடிக்கும். வரிசையில் காத்திருக்கும் கோரிக்கை அது, இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

இனி அந்த ஐந்தரை மணி நேரம். முழு மணிக்கணக்கில் நகர்த்தினால் அரை மணி நேரம் மிச்சம் நிற்கும். நான் செய்வது இது: மாடலை முழுக்க கிரீன்விச் நேரத்திலேயே ஓட்டுகிறேன், மின்தேவையை அதற்கு ஏற்றபடி மாற்றுகிறேன். இந்திய கிரிட், அதாவது மின்தொகுப்பு, 15 நிமிடத் துண்டுகளில் இயங்குகிறது, ஒரு நாளுக்கு 96 துண்டு. 15 நிமிடத் தரவு கிடைத்தால், நம் நேரம் 11.30 முதல் 12.30 வரையுள்ள நான்கு துண்டுகளின் சராசரி, கிரீன்விச்சில் 6 முதல் 7 வரையுள்ள மணிக்குக் கச்சிதமாகப் பொருந்தும். மணிக்கணக்குத் தரவு மட்டும்தான் என்றால், அடுத்தடுத்த இரண்டு மணியிலும் பாதிப்பாதி எடுங்கள். நம் நேரத்துக்கு மாற்றுவது வரைபடம் போடும்போது மட்டும். உடுமலையில் உச்சி பன்னிரண்டேகாலை ஒட்டி வரவேண்டும். வரவில்லை என்றால் அடுத்த அடி எடுத்து வைக்காதீர்கள்.

வெயிலைவிடக் காற்றுதான் கஷ்டம். ஈஆர்ஏ5-இன் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நம் காற்றோ கணவாய் வழியாக வரும் காற்று. பாலக்காட்டுக் கணவாய் உடுமலைக்கும் பொள்ளாச்சிக்கும், செங்கோட்டைக் கணவாய் தென்காசிக்கும், ஆரல்வாய்மொழிக் கணவாய் முப்பந்தலுக்கும் காற்றைத் தருகின்றன. மலையையும் இடைவெளியையும் ஒரே கட்டத்துக்குள் போட்டுச் சராசரி எடுத்தால், அந்தக் காற்றின் பலம் தெரியாது. நான் முதலில் எடுத்த வரைபடத்தில் ஜூலை காற்று, எங்கள் ரிஜிஸ்டரோடு பார்க்கும்போது, சோர்ந்துபோய்க் கிடந்தது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் ஊரில் சொல்வார்கள். உங்கள் மாடலின் ஆடி மாதம் அந்தச் சொல்லைத் தாங்குகிறதா என்று பாருங்கள்.

திருத்தும் வழி இது. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தரும் உலகக் காற்று வரைபடம் 250 மீட்டர் கட்டத்தில் நீண்டகாலச் சராசரி வேகத்தைக் காட்டும். உங்கள் காத்தாடி நிற்கும் இடத்தில், அதே உயரத்தில், அந்தச் சராசரியை எடுங்கள். ஈஆர்ஏ5-இன் சராசரியால் வகுங்கள். வருகிற விகிதத்தால் மணிவாரி வேகத்தைப் பெருக்குங்கள். பெருக்கவேண்டியது வேகத்தை, மின்சாரத்தை அல்ல. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப்படி ஏறும். வேகம் 10 சதவீதம் கூடினால் ஆற்றல் 33 சதவீதம் கூடும், அதுவும் எந்திரத்தின் முழுத்திறனை எட்டும்வரைதான். வேகத்தை மின்சாரமாக்கும் இந்த வளைவை ஆட்லைட் பார்த்துக்கொள்ளும். ஆனால் எந்த எந்திரம் என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். 1990-களில் நட்ட 225, 250 கிலோவாட் எந்திரங்கள் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. அவற்றின் கோபுரம் குட்டை. இன்றைய 100 மீட்டருக்கு மேலான கோபுரத்தின் வளைவை அவற்றுக்குப் போடக்கூடாது.

பிறகு ரிஜிஸ்டரோடு ஒத்துப் பாருங்கள். 250 கிலோவாட் எந்திரம் ஜூலையின் 744 மணி நேரமும் முழுத்திறனில் ஓடினால் 1,86,000 யூனிட். ரிஜிஸ்டரில் 80,000 என்று இருந்தால் 43 சதவீதம். மாடல் அதே மாதத்துக்கு என்ன சொல்கிறது? மாடல் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னால் பரவாயில்லை. எந்திரம் நின்ற நேரமும், கிரிட்டிலிருந்து பேக்டவுன், அதாவது உற்பத்தியைக் குறை, என்று சொல்லிக் காத்தாடியை நிறுத்திய நேரமும் ரிஜிஸ்டரின் யூனிட்டைக் குறைத்துவிடும். மாடல் குறைவாகச் சொன்னால்தான் கவலைப்படவேண்டும். உங்களிடம் ரிஜிஸ்டர் இல்லையென்றால், காத்தாடி வைத்திருக்கும் ஏதாவது ஒரு மில்லில் கேளுங்கள். மாதக் கணக்கு காட்டுவதில் பெரும்பாலும் யாருக்கும் தயக்கம் இருப்பதில்லை. ஒரே வருடத்தோடு நிற்காதீர்கள், பருவமழை வருடத்துக்கு வருடம் மாறும்.

மின்தேவைக்கு, தேசிய மின்தொகுப்பை இயக்கும் கிரிட் இந்தியா நிறுவனம் தினமும் வெளியிடும் அறிக்கையில் மாநிலவாரி உச்சத் தேவையும் அன்றைய மொத்த யூனிட்டும் இருக்கும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். உங்கள் தேவைக் கோடு அந்த வருடத்தில் அதைத் தொடவேண்டும்.

செலவு: பலரும் சறுக்கும் இடம்

பைப்ஸாவில் ஒவ்வொரு மின்நிலையத்துக்கும் இரண்டு செலவு கொடுக்கவேண்டும். ஒன்று முதலீட்டுச் செலவு, மற்றது ஒவ்வொரு மெகாவாட் மணிக்கும் ஆகும் எரிபொருள் செலவு. முதல் எண்ணில் மொத்த விலையைப் போட்டுவிடுகிறார்கள். நானும் போட்டேன். போடவேண்டியது வருடத் தவணை.

ஒரு மெகாவாட் சோலாருக்கு 4.5 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 25 வருடம், 9 சதவீத வட்டி. தவணைக் காரணி 0.1018 வரும். வருடத்துக்கு ஏறத்தாழ 45.8 லட்சம். அந்த ஒரு மெகாவாட், 19 சதவீதப் பயன்பாட்டில் வருடத்துக்கு 16.64 லட்சம் யூனிட் தரும். யூனிட்டுக்கு 2 ரூபாய் 75 காசு. சந்தையில் கேள்விப்படும் விலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தவணைக்குப் பதில் மொத்த விலையைப் போட்டால் யூனிட் 27 ரூபாய். சோலாரே வேண்டாம் என்று மாடல் சொல்லும், நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

சோதனைக்காக ஒரு வாரம் மட்டும் ஓட்டும்போதும் இதே தவறு வேறு வடிவில் வரும். ஒரு வருடத் தவணையை 168 மணி நேர உற்பத்தி மட்டும் தாங்கவேண்டியதாகிவிடும். ஒரு வருடம் 52.14 வாரம், அதனால் ஒவ்வொரு மணிக்கும் 52.14 என்று எடை கொடுத்தால் சரியாகும். மூன்று மணிக்கு ஒரு புள்ளி என்று குறைத்து ஓட்டினால் எடை 3. இன்னொன்று, அலகு. நாம் யூனிட்டில் பேசுகிறோம், பைப்ஸா மெகாவாட் மணியில், அதாவது 1,000 யூனிட்டில், பேசுகிறது. யூனிட் 3 ரூபாய் 50 காசு என்றால் உள்ளே போடவேண்டியது 3,500. ஒவ்வொரு மின்நிலையத்துக்கும் யூனிட் விலையைத் தாளில் கணக்குப் போட்டு வைத்துக்கொண்ட பிறகே நான் கணினியில் ஏற்றுவேன்.

ஒரே ஒரு பஸ்

பைப்ஸாவில் பஸ் என்பது எல்லாம் வந்து சேரும் மின்முனை. முதல் மாடலுக்கு ஒரே பஸ் போதும், பெயர் தமிழ்நாடு. அதில் ஒரு லோடு, அதாவது மாநிலத்தின் மின்தேவை. ஜெனரேட்டர்களாக நிலக்கரி, நெய்வேலி பழுப்பு நிலக்கரி, கூடங்குளத்தின் இரண்டு 1,000 மெகாவாட் அலகுகளில் நம் பங்கு, காற்றாலை, சோலார். காற்றாலைக்கும் சோலாருக்கும் மணிவாரி அளவுக் கோட்டைக் கொடுத்து, திறனை நீயே தீர்மானித்துக்கொள் என்று விட்டுவிடலாம். ஏற்கெனவே இருக்கும் 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலையைக் குறைந்தபட்ச அளவாக வையுங்கள், இல்லாவிட்டால் மாடல் அவற்றைப் பிடுங்கி எறிந்துவிடும்.

கூடவே 'மின்வெட்டு' என்ற பெயரில் ஒரு ஜெனரேட்டரையும் வையுங்கள். யூனிட் 100 ரூபாய். அது இல்லாவிட்டால், தேவையை ஈடுகட்ட முடியாத ஒரே ஒரு மணி நேரம் இருந்தாலும் சால்வர் கையை விரித்துவிடும், எங்கே கோளாறு என்றும் சொல்லாது. அது இருந்தால், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எவ்வளவு பற்றவில்லை என்று வரைபடத்திலேயே தெரியும்.

சேமிப்புக்குக் கடம்பாறை. வால்பாறை மலையில் நான்கு 100 மெகாவாட் எந்திரங்கள், மேல் ஆழியாறிலிருந்து தண்ணீரை ஏற்றிவைத்து, வேண்டும்போது இறக்கும் நிலையம். பைப்ஸாவில் இதற்கு ஸ்டோரேஜ் யூனிட். 400 மெகாவாட், எத்தனை மணி நேரம் தாங்கும், எவ்வளவு இழப்பு என்று கொடுங்கள். வருடக் கடைசியில் இருப்பு தொடக்க அளவுக்கே திரும்பவேண்டும் என்று சொல்லும் சுழற்சி என்று ஒரு தேர்வு உண்டு. அது தானாகப் போட்டுக்கொள்ளாது, நீங்கள்தான் போடவேண்டும். போடாமல் ஆரம்பத்தில் அணை நிறைந்திருப்பதாகச் சொன்னால், வருடக் கடைசியில் அணையைக் காலி செய்து ஓசி மின்சாரம் எடுத்துக்கொள்ளும். மாடல் ஓடியதும் கடம்பாறையை மட்டும் தனியாக வரைந்து பாருங்கள். இரவில் ஏற்றிப் பழகிய தண்ணீர், சோலார் கூடக்கூட மதியத்துக்கு நகர்வதைக் காணலாம். எனக்கு மிகவும் பிடித்த வரைபடம் அது.

நிலக்கரி நிலையங்களை முழுதாக நிறுத்தி மறுபடி கிளப்புவது எளிதல்ல. 55 சதவீதத்துக்குக் கீழே இறக்கக்கூடாது என்ற வரம்பும் உண்டு. அதை அப்படியே மாடலுக்குள் கொண்டுவந்தால் ஓடும் நேரம் பல மடங்காகும். முதல் மாடலில் அதைத் தொடவேண்டாம். விடுபட்டிருக்கிறது என்று குறிப்பு எழுதிவைத்தால் போதும்.

ஓட்டிய பிறகு

நான் எப்போதும் இரண்டு வாரங்களைப் பார்ப்பேன், ஜூலையில் ஒன்று, நவம்பரில் ஒன்று. ஜூலையில் காற்று மிஞ்சும், மாடல் சிலவற்றை வீணாக்கும். அந்த மணி நேரங்களில் பஸ்ஸின் விலை, அதாவது இன்னொரு யூனிட் கேட்டால் ஆகும் செலவு, சுழியமாக இருக்கவேண்டும். இல்லையென்றால் எங்கோ தவறு. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. காற்றுக்காலம் முடிந்திருக்கும், வானம் மூடிக்கிடக்கும். சுத்த மின்சாரத்தைக் கூட்டக்கூட, என் மாடலை மூச்சுத்திணற வைத்தது மே மாதத்து உச்சம் அல்ல, அந்த ஐப்பசி கார்த்திகை நாட்கள்தான். மே மாதம் வெயில் நம்மைச் சுட்டாலும் பேனலுக்குத் தீனி போடுகிறது. நாலு மணி நேர பேட்டரி நவம்பரின் மூன்று நாள் மேகத்துக்குப் பதிலாகாது. இதை நான் எந்த அறிக்கையிலிருந்தும் எடுக்கவில்லை, வரைபடத்தில் கண்ணால் பார்த்தேன். நீங்களும் பார்க்கலாம்.

அடுத்து கார்பன் வரம்பு, அதாவது மொத்தக் கார்பன் வெளியீட்டுக்கு ஓர் உச்ச அளவு. இன்றைய அளவில் தொடங்கி, பத்துப் பத்து சதவீதமாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் மொத்தச் செலவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் செலவு சரேலென்று ஏறத் தொடங்கும். அந்தத் திருப்பத்தைச் சுற்றித்தான் பேசவேண்டிய விஷயம் எல்லாம் இருக்கிறது. இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. கார்பன் அளவை எரிபொருளின் வெப்ப அளவுக்குக் கேட்கிறது பைப்ஸா, மின்சார அளவுக்கு அல்ல. நிலக்கரிக்கு வெப்ப மெகாவாட் மணிக்கு ஏறத்தாழ 0.34 டன். 35 சதவீதத் திறனில் அது மின்சார மெகாவாட் மணிக்கு 0.97 ஆகும், அதை மாடல் தானே வகுத்துக்கொள்ளும். நீங்களே 0.97 என்று போட்டால் 2.8 டன்னாக ஊதிப்போகும்.

ஒரே பஸ் பழகிய பிறகு பிரிக்கலாம்: தெற்கே திருநெல்வேலி, மேற்கே உடுமலை, வடக்கே சென்னை. இடையே லைன்கள். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் பக்கம் புகளூருக்கு வரும் 6,000 மெகாவாட் நேர்மின்னோட்டப் பாதைக்கு லைன் அல்ல, எவ்வளவு போகவேண்டும் என்று கட்டுப்படுத்தக்கூடிய லிங்க் போடவேண்டும். லிங்க் சொல்லாமல் விட்டால் ஒருவழிப் பாதைதான். காற்றுக்காலத்தில் நம் மின்சாரம் வடக்கே போகவேண்டுமானால் குறைந்தபட்ச அளவை மைனஸ் 1 ஆக்குங்கள். 23 லட்சம் விவசாய பம்புசெட்டுகளைப் பகல் வெயிலுக்கு நகர்த்தினால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசைப்பட்டால், அந்தத் தேவையைத் தனி லோடாகப் பிரித்து வையுங்கள். நல்ல பயிற்சி அது. முழு வலைப்பின்னலும் வேண்டுமென்றால் பைப்ஸா-எர்த் இருக்கிறது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து மின்பாதைகளை எடுத்துக்கொள்ளும். ஆனால் அங்கிருந்து தொடங்காதீர்கள். நூற்றுக்கணக்கான பஸ்களில் ஒரு தவறான எண்ணைத் தேடுவது வைக்கோல்போரில் ஊசி தேடுவதுதான்.

பிறர் திறந்து பார்க்கும்படி

மாடலை நெட்சிடிஎஃப் கோப்பாகச் சேமித்து, நிரலோடும், எந்தப் பதிப்பு பைப்ஸா, எந்த வருட வானிலை, எந்த எண் என் அனுமானம் என்ற குறிப்போடும் கிட்டில், அதாவது ஒவ்வொரு மாற்றத்தின் வரலாற்றையும் வைத்திருக்கும் நிரல் களஞ்சியத்தில், போடுங்கள். அனுமானங்களைத் தனிப் பக்கமாக எழுதுங்கள். கடம்பாறை எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதற்கு நான் 6 என்று வைத்திருக்கிறேன், அது அனுமானம் என்று அங்கே இருக்கிறது.

போன மாதம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பொறியியல் மாணவி என் கோப்பைத் திறந்து ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதினார்: "சார், கடம்பாறையில ஏத்தும்போதும் 0.75, இறக்கும்போதும் 0.75 போட்டிருக்கீங்க. அப்போ 100 யூனிட் போட்டா 56 தானே திரும்ப வரும்? போய்வர மொத்தத்துக்கு 0.75 வேணும்னா ரெண்டு பக்கமும் 0.866 போடணும்ல?"

அவர் சொன்னது சரி. இரண்டு வருடமாக அந்த எண் அப்படியே கிடந்திருக்கிறது, நானும் பார்க்கவில்லை, மில்லில் யாரும் பார்க்கவில்லை. திருத்தி ஓட்டியதில் மாடல் கடம்பாறையை இன்னும் அதிகமாகப் பயன்படுத்தியது, பேட்டரி கொஞ்சம் இறங்கியது. அந்தத் திருத்தத்தை அவரையே கிட்டில் ஏற்றச் சொன்னேன். கோப்பின் வரலாற்றில் அந்த வரிக்கு நேராக இப்போது அவர் பெயர் இருக்கிறது.